உறங்கும் பொறியும் விழிக்கும் நிரலும்

கணினியின் மின்விசையை அழுத்தியவுடன் திரையில் எழுத்துகள் தோன்றுகின்றன. அழுத்துவதற்கும் தோன்றுவதற்கும் இடையே கழியும் சில நொடிகளைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், அந்தச் சில நொடிகளுக்குள் ஒரு சிறிய நிரல் விழித்தெழுந்து, நினைவகத்தைச் சோதித்து, வன்தட்டைத் தேடி, இயங்குதளத்தை அழைத்து வந்து அரியணையில் அமர்த்திவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. தாய்ப்பலகையில் பதிந்திருக்கும் ஒரு சில்லில் குடியிருக்கும் அந்நிரலுக்கு நிலைபொருள் என்று பெயர். வன்பொருள் போல் அசையாததும் அன்று. மென்பொருள் போல் எளிதில் மாறுவதும் அன்று. இரண்டிற்கும் இடைப்பட்ட நிலையில் நிற்பதாலேயே அதற்கு அப்பெயர் பொருந்துகிறது.

கணினி பழுது பார்ப்போரிடம் வரும் முறையீடுகளுள் மூன்று மிகவும் பழமையானவை. நிலைபொருளைப் புதுப்பித்த பின் பொறி எழவில்லை என்பது ஒன்று. உறக்க நிலைக்குச் சென்ற பொறி மீண்டும் விழிக்கவில்லை என்பது மற்றொன்று. விதித்த அளவுக்கு மேல் வேகம் கூட்டியதும் பொறி தடுமாறுகிறது என்பது மூன்றாவது. மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை. வரலாற்றின் வழியே பார்க்கும்போதோ, இம்மூன்றும் ஒரே வேரினின்று கிளைத்தவை என்பது புலனாகும். மாறாததாய் இருந்த ஒன்று மாற்றத்தக்கதாய் ஆக்கப்பட்டது. அவ்வாறு ஆக்கப்பட்ட ஒவ்வொரு வேளையிலும் ஒரு வசதி பிறந்தது. அவ்வசதியின் உடன்பிறப்பாய் ஒரு பழுதும் பிறந்தது.

பெயரும் பிறப்பும்

1970களின் முற்பகுதியில் நுண்செயலிகள் சந்தைக்கு வந்தபோது, அவற்றைக் கொண்டு அமைக்கப்பட்ட கணினிகள் ஒன்றுபோல் மற்றொன்று இருந்ததில்லை. ஒரு பொறிக்கு எழுதிய நிரல் இன்னொரு பொறியில் ஓடாது. கலிபோர்னியாவின் மான்டெரே நகரிலிருந்த கடற்படை முதுநிலைப் பள்ளியில் ஆசிரியராய்ப் பணியாற்றிய கேரி கில்டால் என்பவர், 1974இல் சி.பி./எம். என்னும் இயங்குதளத்தை உருவாக்கினார். அவர் பின்னர் அத்தளத்தை அடுக்குகளாகப் பகுத்தார். விசைப்பலகை, திரை, வட்டு ஆகியவற்றோடு நேரே பேசவேண்டிய பகுதியைத் தனியே பிரித்து, அதற்குப் பயாஸ் என்று பெயரிட்டார். அடிப்படை உள்ளீட்டு வெளியீட்டு முறைமை என்பது அப்பெயரின் விரிவு.

கில்டால் செய்த இப்பிரிவினை பார்ப்பதற்கு எளியது, விளைவிலோ பெரியது. புதிய பொறி ஒன்றைச் செய்தவர் முழு இயங்குதளத்தையும் மாற்றி எழுத வேண்டியதில்லை. பயாஸ் பகுதியை மட்டும் தம் பொறிக்கு ஏற்ப எழுதினால் போதும். எல்லை வகுத்துப் பணியைப் பங்கிடும் இக்கொள்கை, பிற்காலத்தில் தனிக்கணினித் தொழில் முழுமைக்கும் அடித்தளம் ஆயிற்று. ஆனால், எல்லை என்று ஒன்று வகுக்கப்பட்டால் எல்லைத் தகராறும் தோன்றும். பழுது நேரும்போது அது எல்லைக்கு இப்பாலா அப்பாலா என்னும் வினாவும் அன்றே பிறந்துவிட்டது.

1981ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள் ஐ.பி.எம். நிறுவனம் தன் தனிக்கணினியை வெளியிட்டது. இன்டெல் 8088 என்னும் செயலி அதனுள் 4.77 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் இயங்கியது. அதன் பயாஸ் நிரல் வெறும் 8 கிலோபைட் அளவுடையது. மின்சாரம் பாய்ந்ததும் அச்செயலி, தான் எட்டக்கூடிய ஒரு மெகாபைட் முகவரி வெளியின் முடிவுக்கு 16 பைட்டுகள் முன்னதாக உள்ள ஓரிடத்திற்குச் சென்று, அங்கே எழுதப்பட்ட முதற்கட்டளையைப் படிக்கும். அவ்விடத்தில் பயாஸ் காத்திருக்கும். அங்கே பொருளுள்ள கட்டளை இல்லையேல், எத்துணை விலையுயர்ந்த பொறியாயினும் அது வெறும் உலோகமும் நெகிழியுமே.

ஐ.பி.எம். தன் பயாஸ் நிரலின் முழு வரிகளையும் தொழில்நுட்பக் கையேட்டில் அச்சிட்டே வெளியிட்டது. படிக்கலாம், ஆனால் பதிப்புரிமை இருந்தமையால் படியெடுக்கலாகாது. போட்டி நிறுவனங்கள் இத்தடையைக் கடக்க ஒரு வழி கண்டன. ஒரு குழுவினர் அந்நிரல் என்ன செய்கிறது என்பதை மட்டும் விளக்கமாக எழுதுவர். மூலத்தை ஒருபோதும் காணாத வேறொரு குழுவினர், அவ்விளக்கத்தை வைத்துக்கொண்டு புதிதாய் ஒரு நிரலைப் படைப்பர். காம்பேக் நிறுவனம் 1982இல் அறிவித்த கையடக்கக் கணினி இவ்வழியில் உருவானது. 1984இல் ஃபீனிக்ஸ் டெக்னாலஜிஸ் நிறுவனம் இத்தகைய பயாஸை எவர்க்கும் விற்கத் தொடங்கியது. 1985இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் சுப்பிரமணியன் சங்கர், பாட் சர்மா ஆகிய இருவரும் நிறுவிய அமெரிக்கன் மெகாடிரெண்ட்ஸ் நிறுவனம் இத்துறையில் முன்னணிக்கு வந்தது. பின்னாளில் அந்நிறுவனம் சென்னையிலும் தன் மென்பொருள் பணியகத்தை அமைத்தது.

இவ்வாறு, ஒரே நிறுவனத்தின் கையிலிருந்த நிரல் பலர் கைக்கு மாறிற்று. பயாஸ் எழுதுவோர் ஒருவர். அதை வாங்கித் தம் தாய்ப்பலகைக்கு ஏற்பத் திருத்துவோர் இன்னொருவர். செயலி செய்வோர் மூன்றாமவர். இயங்குதளம் வழங்குவோர் நான்காமவர். பலர் கைபட்ட ஏட்டில் பாடபேதம் மிகுவது போல, பலர் கைபட்ட இந்நிரலிலும் வேறுபாடுகள் மிகுந்தன. கணினி மலிந்தது, பிழையின் தோற்றுவாயைக் காண்பதோ அரிதாயிற்று.

அழித்தெழுதும் ஆற்றல்

தொடக்கத்தில் நிலைபொருள் மாற்ற முடியாத சில்லில் பொறிக்கப்பட்டது. பிழை தென்பட்டால் சில்லையே பிடுங்கி வேறொன்றைப் பொருத்தவேண்டும். 1971இல் இன்டெல் நிறுவனத்தின் டோவ் ஃப்ரோமன் கண்டுபிடித்த புதுவகை நினைவகம் இந்நிலையைச் சற்றே தளர்த்தியது. அச்சில்லின் முதுகில் குவார்ட்சுக் கண்ணாடியாலான சிறு சாளரம் ஒன்று இருக்கும். அதன் வழியே புறஊதாக் கதிரைப் பாய்ச்சினால் பழைய எழுத்து அழிந்துவிடும். பின்னர்ப் புதிதாய் எழுதலாம். ஒளி தற்செயலாய்ப் புகாதிருக்க அச்சாளரத்தின் மீது ஓர் ஒட்டுத்தாள் ஒட்டப்பட்டிருக்கும். பழைய தாய்ப்பலகைகளில் பயாஸ் நிறுவனத்தின் பெயர் பொறித்த ஒட்டுத்தாள் காணப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

1984இல் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தைச் சேர்ந்த ஃபுஜியோ மாசுவோகா, மின்சாரத்தாலேயே விரைந்து அழிக்கத்தக்க ஃப்ளாஷ் நினைவகத்தை உலகிற்கு அறிமுகப்படுத்தினார். 1988இல் இன்டெல் அதனை வணிகப் பொருளாக விற்கத் தொடங்கிற்று. 1990களில் தாய்ப்பலகைகள் பலவும் ஃப்ளாஷ் சில்லுக்கு மாறின. அதன் பின்னர், சில்லைப் பிடுங்கவும் தேவையில்லை. கதிர் பாய்ச்சவும் தேவையில்லை. ஒரு நெகிழ்வட்டில் புதிய நிரலைக் கொணர்ந்து, வீட்டிலிருந்தபடியே பயாஸைப் புதுப்பிக்கலாம் என்றாயிற்று.

ஆனால், இவ்வசதிக்குள் ஒரு முரண் ஒளிந்திருந்தது. புதுப்பிக்கும் செயலின்போது பழைய நிரல் முதலில் அழிக்கப்படுகிறது. அதன் பின்னரே புதியது எழுதப்படுகிறது. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேளையில் மின்சாரம் நின்றுபோனால், பழையதும் இல்லை, புதியதும் இல்லை. பிழையைத் திருத்தப் பொறியை எழுப்ப வேண்டும். பொறியை எழுப்பவோ, அழிந்துபோன அந்நிரலே வேண்டும். ஏணியின் மேல் நின்றுகொண்டே அவ்வேணியை மாற்ற முயல்வது போன்றது இந்நிலை. இவ்வாறு உயிரிழந்த பொறியைச் செங்கல் ஆகிவிட்டது என்று தொழிலாளர் வழங்கலாயினர். தாய்ப்பலகையின் மாதிரி எண்ணோடு திருத்தப் பதிப்பையும் சரிபார்க்காமல், ஒத்த பெயருடைய வேறொரு பலகைக்குரிய நிரலை எழுதிவிட்டவர்களுக்கும் இதே முடிவு நேர்ந்தது.

இந்த ஆபத்து எத்துணைப் பெரியது என்பதை 1999ஆம் ஆண்டு உலகம் கண்டது. தைவானில் மாணவர் ஒருவர் 1998இல் எழுதிய சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல், விண்டோஸ் 95, விண்டோஸ் 98 ஆகியவை இயங்கிய கணினிகளில் ஓசையின்றிப் பரவியிருந்தது. 1999 ஏப்ரல் 26ஆம் நாள் அது விழித்தது. வன்தட்டின் முதற்பகுதியை அது பயனற்ற எழுத்துகளால் நிரப்பியது. அத்துடன் நில்லாமல், ஃப்ளாஷ் சில்லில் இருந்த பயாஸையும் அழிக்க முயன்றது. சில வகைத் தாய்ப்பலகைகளில் அம்முயற்சி பலித்தது. தென்கொரியா, துருக்கி முதலிய நாடுகளில் பெருஞ்சேதம் விளைந்தது. மென்பொருளால் வன்பொருளைச் செயலிழக்கச் செய்ய முடியாது என்று அதுவரை நிலவிய நம்பிக்கை அன்று தகர்ந்தது.

பழுது பார்ப்போர் அக்காலத்தில் கையாண்ட தீர்வு துணிச்சலானது. ஒத்த தாய்ப்பலகை ஒன்றை இயக்கி, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் பயாஸ் சில்லை மெல்லக் கழற்றி, இறந்துபோன சில்லை அவ்விடத்தில் செருகி, அதில் நிரலை மீண்டும் எழுதுவர். பொறி எழுந்தபின் பயாஸ் நிரல் நினைவகத்தில் படியெடுக்கப்பட்டுவிடுவதால் இது கைகூடிற்று. தயாரிப்பாளர்களும் படிப்படியாகப் பாடம் கற்றனர். சில்லின் ஒரு சிறு பகுதியை மட்டும் அழியாது காத்து, அதிலிருந்தே மீட்பு வேலையைத் தொடங்கச் செய்தனர். 1990களின் இறுதியில் இரண்டு பயாஸ் சில்லுகளைத் தாங்கிய பலகைகள் தோன்றின. பின்னர், செயலி இல்லாமலேயே நினைவகக் குச்சியிலிருந்து நிலைபொருளை எழுதிக்கொள்ளும் பலகைகளும் வந்தன. ஒவ்வொரு காப்பும் ஒரு பழைய இழப்பின் நினைவுச் சின்னமாகும்.

உறக்கத்தின் வரலாறு

உறக்கம் என்பது கணினிக்குப் பிற்காலத்தில் கற்பிக்கப்பட்ட பழக்கம். மின்கலத்தில் இயங்கும் மடிக்கணினிகள் பெருகியபோது, வேலை இல்லாத நேரத்தில் மின்சாரத்தைச் சேமிக்கும் தேவை எழுந்தது. 1992இல் இன்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய இரு நிறுவனங்களும் ஏ.பி.எம். என்னும் நெறியை வகுத்தன. அந்நெறியின்படி உறங்கச் செய்யும் பொறுப்பு பெரிதும் பயாஸிடமே இருந்தது. பயனர் ஏதேனும் படித்துக்கொண்டிருக்கிறாரா, வட்டிலிருந்து கோப்பு படியாகிக்கொண்டிருக்கிறதா என்பதைப் பயாஸ் முழுமையாக அறியாது. இயங்குதளமோ அறியும், ஆனால் அதிகாரம் அதனிடம் இல்லை. அறிந்தவனிடம் அதிகாரமும், அதிகாரமுடையவனிடம் அறிவும் இல்லாத ஆட்சியில் குழப்பமே மிஞ்சும்.

இக்குறையைக் களையும் பொருட்டு 1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் கூடி ஏ.சி.பி.ஐ. என்னும் புதிய நெறியை வெளியிட்டன. உறக்கத்தின் அதிகாரம் இயங்குதளத்திடம் ஒப்படைக்கப்பட்டது. நிலைபொருளின் கடமை, தன் பலகையின் அமைப்பை அட்டவணைகளாக எழுதி இயங்குதளத்திடம் கொடுப்பதாயிற்று. இந்நெறி உறக்கத்தை நிலை நிலையாகப் பகுத்தது. எஸ் 3 எனப்படும் நிலையில் ஏறத்தாழ எல்லா உறுப்புகளும் அணைக்கப்பட்டு, நினைவகம் மட்டும் சிறிதளவு மின்சாரத்தால் உயிர் காக்கப்படும். எஸ் 4 எனப்படும் நிலையில் நினைவகத்தின் உள்ளடக்கம் வன்தட்டில் எழுதப்பட்டு, மின்சாரம் நிறுத்தப்படும். 1995இல் வெளிவந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பு, அணைந்த பொறியிலும் 5 வோல்ட் காப்பு மின்சாரம் ஓடிக்கொண்டிருக்க வழி செய்திருந்தது. அதுவே எஸ் 3 உறக்கத்திற்குத் துணை நின்றது.

நெறி சிறந்ததாயினும் நடைமுறை இடர் தந்தது. தாய்ப்பலகை தயாரிப்போர் பலர் தம் அட்டவணைகளை விண்டோஸில் மட்டும் சோதித்துப் பார்த்தனர். பிழையான அட்டவணையையும் விண்டோஸ் பொறுத்துக்கொண்டால், அப்பிழை அப்படியே சந்தைக்குச் சென்றது. லினக்ஸ் போன்ற பிற இயங்குதளங்களில் அதே பலகை உறங்க மறுத்தது. அல்லது உறங்கியபின் எழ மறுத்தது. நிலைபொருள் தன்னை இயக்குவது எத்தளம் என்று வினவுங்கால், தானும் விண்டோஸ் வகையே என்று விடை தருமாறு லினக்ஸை அமைக்க நேர்ந்தமை இவ்வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

உறக்கப் பழுதுகளை மூவகையாகப் பகுக்கலாம். உறங்காமை முதல்வகை, ஏதோ ஒரு சாதனமோ நிரலோ பொறியை விழிப்பில் வைத்திருக்கும். தானே விழித்தல் இரண்டாம் வகை. வலையமைப்பு அட்டை, சுட்டி, குறித்த நேரத்தில் எழுப்பும் பணி ஆகியவற்றுள் ஒன்று காரணமாகும். விழியாமை மூன்றாம் வகை. விசிறி சுழலும், திரை இருண்டிருக்கும். மூன்றாவதே கொடியது. எஸ் 3 நிலையிலிருந்து எழும்போது, நிலைபொருள் வழக்கமான தொடக்கப் பாதையை விடுத்து வேறொரு குறுக்குப் பாதையில் செல்கிறது. நினைவகத்தைப் புதிதாய்ச் சோதிக்காமல், முன்பு குறித்துவைத்த அளவுகளை மீட்டுத் தருகிறது. நினைவகத்தின் வேகம் மிகையாக உயர்த்தப்பட்டிருந்தால், பல மணி நேரச் சோதனையில் தேறிய பொறியும் இப்பாதையில் இடறி விழக்கூடும். உறக்கப் பழுதும் வேகப் பழுதும் கைகோக்கும் இடம் இதுவே.

2015இல் வெளிவந்த விண்டோஸ் 10 இத்துறையில் மற்றொரு திருப்பத்தைக் கொணர்ந்தது. கைப்பேசியைப் போல, உறங்கும்போதும் செய்திகளைப் பெறத்தக்க மெல்லுறக்க முறை மடிக்கணினிகளில் பரவியது. பல மடிக்கணினிகளின் நிலைபொருளில் எஸ் 3 நிலைக்கே இடமளிக்கப்படவில்லை. மெல்லுறக்கத்தில் பொறி முழுதும் அணைவதில்லை. ஒரு சாதனம் ஓய்வு கொள்ள மறுத்தாலும் மின்கலம் கரையும். மூடிப் பைக்குள் வைத்த கணினி, வெப்பமேறிய நிலையில் வெளியே எடுக்கப்பட்ட நிகழ்வுகள் பல நாடுகளில் பேசப்பட்டன.

வேகத்தின் விலை

செயலி ஒவ்வொன்றும் ஒரு துடிப்புக்கு ஏற்ப இயங்குகிறது. குவார்ட்சுப் படிகம் அத்துடிப்பைப் பிறப்பிக்கிறது. 1984இல் வெளிவந்த ஐ.பி.எம். ஏ.டி. கணினியின் செயலி 6 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடியது. அதன் படிகம் எளிதில் கழற்றத்தக்கதாய் இருந்தமையால், ஆர்வலர் சிலர் அதைக் களைந்து விரைவான படிகத்தைப் பொருத்தி, 8 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் பெற்றனர். ஐ.பி.எம். இதனை விரும்பவில்லை. பின்னர் வந்த பயாஸில், துடிப்பின் வேகத்தை அளந்து, அளவு மீறியிருந்தால் பொறியை எழவிடாது தடுக்கும் சோதனை ஒன்றைச் சேர்த்தது. வேகத்திற்கும் நிலைபொருளுக்கும் நடந்த முதற்போர்களுள் இது ஒன்று.

1990களில் இப்பழக்கம் தீயோர் கையிலும் சிக்கிற்று. மலிவான செயலியின் மேலிருந்த எழுத்தைச் சுரண்டிவிட்டு, உயர்ந்த வேகத்தை அச்சிட்டு விற்கும் மோசடி பரவியது. இன்டெல் இதனைத் தடுக்கும் பொருட்டுத் துடிப்பின் பெருக்கெண்ணைச் செயலிக்குள்ளேயே பூட்டியது. எனினும், பெருக்கெண் பூட்டப்பட்டாலும் அடிப்படைத் துடிப்பு தாய்ப்பலகையின் கையில் இருந்தது. 1998 ஆகஸ்டில் வெளிவந்த செலெரான் 300ஏ செயலியின் புகழ் இவ்வழியே பிறந்தது. அதன் அடிப்படைத் துடிப்பு 66 மெகாஹெர்ட்ஸ், பெருக்கெண் 4.5, விளைவு 300 மெகாஹெர்ட்ஸ். அடிப்படைத் துடிப்பை 100 ஆக்கினால் 450 மெகாஹெர்ட்ஸ் கிடைத்தது. ஏபிட் நிறுவனத்தின் பி.எச்.6 போன்ற பலகைகளில் இம்மாற்றத்தைப் பயாஸ் திரையிலேயே செய்ய முடிந்தது. பலகையைத் திறந்து ஜம்பர்களை மாற்ற வேண்டியதில்லை.

இவ்வரலாற்றில் மலேசியாவிற்கும் இடமுண்டு. இன்டெல் 1972இல் பினாங்கில் தன் தொழிற்கூடத்தைத் தொடங்கியது. உலகெங்கும் விற்ற செயலிகளில் பலவற்றின் மீது, அவை கூட்டிணைக்கப்பட்ட நாடாக மலேசியாவின் பெயர் பொறிக்கப்பட்டிருந்தது. செலெரான் வாங்கச் சென்ற ஆர்வலர், மலேசியா என்ற முத்திரை உடையது சிறந்ததா, கோஸ்ட்டா ரிக்கா என்ற முத்திரை உடையது சிறந்ததா என்று வாதிட்டனர். அமெரிக்க, ஐரோப்பிய இளைஞர் பலர் நம் நாட்டுப் பெயரைச் செயலியின் முதுகில் தேடிய காலம் அது.

வேகம் கூடினால் தடுமாற்றம் நேர்வது ஏன்? செயலியின் உள்ளே ஒரு கணக்கின் விடை, அடுத்த துடிப்பு வருமுன் தன் இடத்தை அடைந்திருக்க வேண்டும். 300 மெகாஹெர்ட்ஸில் இரு துடிப்புகளுக்கிடையே ஏறத்தாழ 3.3 நானோநொடி கிடைக்கும்; 450இல் 2.2 நானோநொடியே கிடைக்கும். விடை வந்து சேராமுன் அடுத்த துடிப்பு வந்துவிட்டால், தவறான விடையே பதிவாகும். மின்னழுத்தத்தை உயர்த்தினால் சுற்றுகள் விரைந்து இயங்கும். ஆனால், செலவாகும் மின்திறன் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்து ஏறுகிறது. 10 விழுக்காடு உயர்த்தினால் 21 விழுக்காடு மிகுகிறது. வெப்பம் பெருகும், சில்லின் வாழ்நாள் சுருங்கும்.

தடுமாற்றத்தின் பெருந்தீமை, பொறி நின்றுவிடுவதன்று. நில்லாமலே தவறாகக் கணக்கிடுவது. இதனைக் கண்டறியக் கணிதம் கைகொடுத்தது. 1996இல் ஜார்ஜ் வோல்ட்மன் மிகப்பெரிய பகா எண்களைத் தேடும் கூட்டு முயற்சி ஒன்றைத் தொடங்கினார். அதற்காக அவர் எழுதிய பிரைம்95 என்னும் நிரல், விடை முன்பே தெரிந்த கணக்குகளைச் செயலிக்குக் கொடுத்துச் சரிபார்த்தது. ஓரிலக்கம் பிழைத்தாலும் செயலி நம்பத்தக்கதன்று என்பது தெளிவாகும். பகா எண் தேடப் பிறந்த நிரல், வேகம் கூட்டுவோரின் உரைகல் ஆயிற்று.

மூன்றும் கூடிய இடம்

பழைய பயாஸின் எல்லைகள் புதிய பொறிகளுக்குப் போதவில்லை. இன்டெல் உருவாக்கிய ஈ.எஃப்.ஐ. என்னும் அமைப்பைப் பொதுநெறியாக்க 2005இல் ஒரு மன்றம் நிறுவப்பட்டது. 8 கிலோபைட்டில் தொடங்கிய நிரல் பல மெகாபைட் அளவுக்கு வளர்ந்தது. செயலியின் உட்கட்டளைகளைத் திருத்தும் நுண்நிரலும் நிலைபொருளின் வழியே வரலாயிற்று. 2018 ஜனவரியில் செயலிகளின் பாதுகாப்புக் குறைகள் இரண்டு வெளியாயின. அவற்றை அடைக்க விரைந்து வழங்கப்பட்ட நுண்நிரல் சில பொறிகளைத் தாமே அணைந்து மீண்டும் தொடங்கச் செய்தது. அம்மாதம் 22ஆம் நாள், அத்திருத்தத்தைப் பரப்புவதை நிறுத்துமாறு இன்டெல்லே கேட்டுக்கொண்டது. திருத்தமும் திருத்தப்பட வேண்டியதாகலாம் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது.

இதனினும் பெரிய பாடம் 2024இல் வந்தது. இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகளுள் உயர்வகையானவை வேகம் கூட்டப்படாமலே தடுமாறின. பல மாதங்கள் குற்றம் பலர் மீதும் சுமத்தப்பட்டது. விளையாட்டு நிரல் எழுதியோர் பழி ஏற்றனர். தாய்ப்பலகை தயாரிப்போர், மின்திறன் வரம்பை இயல்பமைப்பிலேயே தளர்த்தியமைக்காகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில், செயலி தேவைக்கு மிஞ்சிய மின்னழுத்தத்தைக் கேட்குமாறு நுண்நிரல் செய்தது என்று இன்டெல் அறிவித்தது. ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் திருத்திய நுண்நிரல்கள் நிலைபொருள் வழியே வழங்கப்பட்டன. உத்தரவாதக் காலமும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. ஆயினும், ஏற்கெனவே தேய்ந்துபோன சில்லை எந்தத் திருத்தமும் பழைய நிலைக்குக் கொணரவில்லை. எழுத்தில் நேர்ந்த பிழையை எழுத்தால் திருத்தலாம். அப்பிழை பொருளில் விளைத்த காயத்தை எழுத்து ஆற்றாது.

பிழை காணும் நெறி

இவ்வரலாறு பழுது பார்ப்போர்க்கு வழங்கும் நெறி சுருக்கமானது. முதலாவது, அறிந்த நிலைக்குத் திரும்புதல். 1984இன் ஏ.டி. கணினியில், மின்கலத்தால் காக்கப்பட்ட 64 பைட் அளவேயுள்ள ஒரு சிறு சில்லில் அமைப்புகள் குறிக்கப்பட்டிருந்தன. அமைப்புகளைத் தொழிற்கூட நிலைக்கு மீட்டு, எல்லா வேக உயர்வையும் நீக்கிச் சோதிப்பதே இன்றும் முதற்படி. நினைவகம் தன் பெட்டியில் அச்சிட்ட வேகத்தில் ஓடுவதும் பெரும்பாலும் வேக உயர்வே என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

இரண்டாவது, ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுதல். நிலைபொருளையும் நினைவக வேகத்தையும் உறக்க அமைப்பையும் ஒரே மாலையில் மாற்றியவர்க்கு, பழுது நேர்ந்தால் எதனால் நேர்ந்தது என்று அறிய வழியில்லை. மூன்றாவது, குறித்து வைத்தல். நிலைபொருளைப் புதுப்பிப்பது பெரும்பாலான பலகைகளில் பழைய அமைப்புகளை அழித்துவிடும். புதுப்பிக்குமுன் இருந்த அளவுகளையும் பதிப்பு எண்ணையும் எழுதி வைத்தவரே, உறக்கம் கெட்டது புதிய நிரலாலா அழிந்த அமைப்பாலா என்று பகுத்துணர முடியும். நான்காவது, மின்தடையற்ற வேளையில், பலகையின் திருத்தப் பதிப்பைச் சரிபார்த்து, தேவை இருந்தால் மட்டும் புதுப்பித்தல். பாதுகாப்புக் குறையை அடைப்பதும், 2024இல் நேர்ந்தது போன்ற தேய்வைத் தடுப்பதும் மெய்யான தேவைகள். புதிய எண் என்னும் கவர்ச்சி தேவையாகாது.

மாணவர்க்கு இவ்வரலாற்றில் கணினிக்கு அப்பாலும் கற்பதற்கு ஒன்று உண்டு. நிலைபொருள் மாற்றத்தக்கதாய் ஆனமையால்தான் பழைய பொறிகள் புதிய ஆற்றல் பெற்றன. பிழைகள் சில்லைப் பிடுங்காமலே தீர்ந்தன. அதே காரணத்தால்தான் ஒரு நச்சுநிரல் பொறிகளைக் கொன்றது. ஒரு நுண்நிரல் செயலிகளைத் தேய்த்தது. மாற்றும் உரிமை பரவிய அளவுக்கு, மாற்றுவோரின் பொறுப்பும் பரவவேண்டும். படிப்பதற்கு மட்டும் என்று பூட்டப்பட்டிருந்த ஏட்டை 1990களில் தொழில்நுட்பம் எல்லார்க்கும் திறந்துவிட்டது. அதில் எழுதுகோல் வைப்பவர் எவராயினும், எழுதுமுன் படித்தலும், எழுதியபின் சோதித்தலும் அவர் கடமையாகும்.